கிரியாட்டினின் இறங்கிவிட்டது, சிறுநீரகம் ஆறிவிட்டதா?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், நீலகிரியிலும் பழனி மலையிலும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் தாளில் சில சமயம் இப்படி ஒரு வரிசை இருக்கும்: உண்ணிக் காய்ச்சல், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, மூன்று முறை டயாலிசிஸ், வீட்டுக்குப் போகும் நாளில் கிரியாட்டினின் 1.1. "உப்பு இறங்கிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி. மூன்று நான்கு வருடம் கழித்து அதே ஆளுக்குக் கால் வீங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஹீமோகுளோபின் 8-க்கு வந்து நிற்கிறது. ஸ்கேன் எடுத்தால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடக்கின்றன. "அப்பவே சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே, இது எங்கிருந்து வந்தது?"

பல சமயம் அது அன்றைக்கே தொடங்கியதுதான். டிஸ்சார்ஜ் நாளில் இறங்கியது ரத்தத்தில் இருந்த ஓர் எண். உள்ளே புண் ஆறியதா, தழும்பாக இறுகத் தொடங்கியதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தீர்மானிக்கும் காலம் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம். மலையில் நோயாளி மருத்துவரின் கண்ணிலிருந்து நழுவிப்போவதும் அதே மூன்று மாதத்தில்தான்.

'உப்பு' என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் பேச்சில் உப்பு என்று குறிப்பிடப்படும் கிரியாட்டினினும் யூரியாவும் சமையல் உப்போடு சம்பந்தமில்லாதவை. கிரியாட்டினின் தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவரும் கழிவு. யூரியா புரதத்தின் கழிவு. 'உப்பு இறங்கிடுச்சு' என்று கேட்டதும் கருவாடும் ஊறுகாயும் மறுபடி தட்டுக்கு வந்துவிடுவது இந்தச் சொல்லின் பக்கவிளைவு.

மூன்று பெயர்கள், மூன்று கால எல்லைகள்

1. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு: கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டு அமைப்பின் 2012 வரையறைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மி.கி./டெ.லி. ஏறினால், அல்லது 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் 1.5 மடங்கு ஆனால், அல்லது 6 மணி நேரம் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போனால், மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இதைக் கணக்கிட்டால் 6 மணி நேரத்தில் 150 மில்லிக்குக் குறைவு. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் ஒன்றரை டம்ளர் அளவு. கிரியாட்டினின் 2 மடங்கானால் இரண்டாம் நிலை. 3 மடங்கானால், அல்லது 4.0-ஐத் தொட்டால், அல்லது டயாலிசிஸ் தேவைப்பட்டால் மூன்றாம் நிலை.

2. இடைக்காலம்: 7-ஆம் நாளிலிருந்து 90-ஆம் நாள்வரை. பாதிப்பு முழுதாக நீங்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் காலம். இதற்குத் தனிப் பெயரும் தனிக் கவனமும் வந்தது கடந்த பத்தாண்டுக்குள்தான்.

3. நாள்பட்ட சிறுநீரக நோய்: 90 நாளைத் தாண்டியும் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் (லேப் தாளில் eGFR) நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே இருப்பது, அல்லது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கு மேல் ஒழுகுவது. வேகம் நன்றாக இருந்து புரதம் மட்டும் ஒழுகினாலும் இது நாள்பட்ட நோய்தான். 'கிரியாட்டினின் நார்மல்' என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும். சிறுநீரகம் இன்று காலை முழுதாக நின்றுபோனாலும் கிரியாட்டினின் நாளைக்கு ஒன்று, ஒன்றரை என்றுதான் கூடும். முதல்நாள் ரிப்போர்ட்டில் 1.2 என்று இருப்பதை வைத்துத் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. மறுநாளும் எடுத்தால்தான் திசை தெரியும்.

முதலில் அடிவாங்குவது குழல்

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றிலும் ரத்தத்தை வடிக்கும் ஒரு முடிச்சும், வடித்த நீரைத் திரும்ப உறிஞ்சும் நீண்ட குழலும் உண்டு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மிச்சத்தையெல்லாம் குழல்கள் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துவிடுகின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது முடிச்சுக்கு அடுத்தபடியாக வரும் குழல்பகுதி, அதாவது முதற்குழல்.

இந்த வேலைக்கு ஆற்றல் நிறைய வேண்டும். அந்தக் குழலின் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஆனால் சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் வெளிப்பட்டைக்கே போய்விடுகிறது. உட்பகுதிக்குக் கிடைப்பது கொசுறு. முதற்குழலின் கடைசித் துண்டு பட்டையைவிட்டு இறங்கி இந்த உட்பகுதியின் வெளிவிளிம்புக்குள் நுழைகிறது. சும்மா இருக்கும்போதே அங்கே ஆக்ஸிஜன் அழுத்தம் 10 முதல் 20 மி.மீ. பாதரசம்தான். ரத்த அழுத்தம் அரை மணி நேரம் சரிந்தால் முதலில் மூச்சுத்திணறுவது இந்தத் துண்டு.

நெஃப்ரானைப் பற்றி இன்னொன்று: கருவின் 36-ஆம் வாரத்தோடு புது நெஃப்ரான் உருவாவது நின்றுவிடுகிறது. அதற்குப்பின் ஆயுள் முழுக்க உள்ளதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குழலின் செல்கள் செத்தால் பக்கத்துச் செல்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். ஒரு நெஃப்ரானே போனால் போனதுதான்.

மலையில் அடி எங்கிருந்து வருகிறது

அடி எந்த வகை என்பதைப் பொறுத்து ஆறும் வாய்ப்பும் மாறும். ஆகவே காரணங்களை ஒரே கூடையில் போட முடியாது.

உண்ணிக் காய்ச்சல். மருத்துவப் பெயர் ஸ்க்ரப் டைபஸ். பெயர் உண்ணி என்றாலும், கடிப்பது மாட்டின்மேல் ஊறும் உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு சிற்றுயிரின் இளம்புழு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருமையான பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு என்று துணி இறுக்கும் இடங்களில் ஒளிந்திருக்கும், வலிக்காது, அரிக்காது. ஆடையை விலக்கித் தேடாதவரை கண்ணில் படாது. கிருமி குடியேறுவது ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில். உடம்பெங்கும் நுண்நாளங்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்தின் நுண்நாளங்களும் அதே அழற்சியில் மாட்டுகின்றன. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை என்ற மலிவான மாத்திரை காலத்தோடு விழுந்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். ஐந்து நாள் 'வைரல் காய்ச்சல்' என்று கடத்தினால் சிறுநீரகம் கணக்கில் சேர்ந்துவிடும்.

குளவியும் மலைத்தேனீயும். தேயிலைச் செடிக்குள் கூடு கலைந்து பத்து இருபது கொட்டு வாங்கினால் விஷம் தசையையும் சிவப்பணுக்களையும் உடைக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் நிறமிப் புரதங்கள் குழலுக்குள் போய்ப் படிந்து அச்சுவார்த்தாற்போல் அடைக்கும்; செல்களுக்கும் நஞ்சு. சிறுநீர் பால் ஊற்றாத டீத்தண்ணி நிறத்தில் போகும். மூச்சும் அழுத்தமும் சரியாக இருக்கிறதே என்று முதல்நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், சிறுநீரகம் அடங்குவது இரண்டாம் மூன்றாம் நாளில் தெரியவரும். நிறையக் கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீர் அளவையும் நிறத்தையும் மூன்று நாளாவது பார்க்க வேண்டும்.

பாம்பு. அடிவாரத்தில் கண்ணாடி விரியன். மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களில் மூக்குநுனி மேல்நோக்கி வளைந்த, சருகு நிறத்துச் சிறு குழிவிரியன். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு உரியது. இந்தக் குழிவிரியனுக்கு அது வேலை செய்வதில்லை. விரியன் விஷத்தில் ரத்தம் நுண்நாளங்களுக்குள்ளேயே உறைந்துபோவதுண்டு. அப்போது சிறுநீரகத்தின் வெளிப்பட்டை திட்டுத்திட்டாகவோ மொத்தமாகவோ செத்துவிடும். குழலோடு முடிச்சும் சேர்ந்து போய்விடுவதால் அங்கே ஆறுவதற்கு எதுவும் இருக்காது. கீழே விளக்கப்போகும் படிப்படியான பாதையெல்லாம் இல்லாமல் நேரே தழும்புக்குப் போகும் குறுக்குவழி இது.

வயிற்றுப்போக்கும் ஊசியும். எண்ணிக்கையில் அதிகம் இதுவாக இருந்தாலும் பேசப்படுவது குறைவு. குளிரில் தாகம் தெரியாது. கொழுந்து பறிக்கும் காட்டில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வது தெரிந்த விஷயம். அதன்மேல் வயிற்றுப்போக்கு, அதன்மேல் முதுகுவலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் தன் உள்வரும் குழாயை விரித்துப் பிடித்துக்கொள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பியிருக்கிறது. வலி ஊசி அதைத்தான் அணைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்ட்டனோ சாப்பிடுபவர் என்றால் வெளிச்செல்லும் குழாயின் பிடியும் தளர்ந்திருக்கும். கூடவே நீர்மாத்திரையும் இருந்தால் மூன்று பக்கமும் அடி. வேளையோடு கவனித்தால் இது நன்றாக ஆறும் வகை. கவனிக்காமல் இரண்டு மூன்று நாள் ஓடினால்தான் குழல் செல்கள் சாகும்.

ஆறும் விதமும் ஆறாமல் போகும் விதமும்

முதலில் நல்லபடி ஆறுவது. செத்த செல்கள் உதிர்ந்து குழலுக்குள் விழும். பிழைத்த செல்கள் தம் சிறப்பு வேலைகளையெல்லாம் தற்காலிகமாக விட்டுவிட்டு, தட்டையாகி, காலியான இடத்தில் பரவி, பிரிந்து பெருகி, பிறகு மறுபடி பழைய உருவத்துக்கும் பழைய வேலைக்கும் திரும்பும். ஒன்றிலிருந்து மூன்று வாரம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி துளிர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்: வேரும் தண்டும் நன்றாக இருந்து, புதுத்துளிரை அவசரப்பட்டுப் பறிக்காமல் விட்டால் செடி மீளும்.

தவறிப்போவது இப்படி:

1. சில செல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. பிரிவதற்காக மரபுப்பொருளை இரட்டித்துக்கொண்ட செல், அதில் சேதம் இருப்பதால் பிரியாமல் அங்கேயே முடங்கும். 2010-இல் ஹார்வர்டின் ஜோசப் பொன்வென்ட்ர் குழு எலிகளில் காட்டியது இதைத்தான்: இப்படி முடங்கிய செல்கள் சாவதில்லை, சும்மாவும் இருப்பதில்லை, டி.ஜி.எஃப்.-பீட்டா முதலான தழும்பு தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. 2020-க்குப் பிறகு ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்கும் ஆய்வுகளிலும், அடிபட்டுப் பல வாரம் கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பாமல் அழற்சிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் தனியாகத் தெரிந்தது.

2. செல்லின் எரிபொருள் கெடுகிறது. முதற்குழல் கொழுப்பமிலத்தை எரித்தே வாழ்வது. மைட்டோகாண்ட்ரியா பழுதானால் கொழுப்பு எரியாமல் செல்லுக்குள் தேங்கும். செல் மேலும் நலியும்.

3. காவலுக்கு வந்தவர்கள் போக மறுக்கிறார்கள். முதல் சில நாள் குப்பையை அள்ளவும் பிறகு சீரமைப்பைத் தூண்டவும் வரும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள், வேலை முடிந்ததும் கலைய வேண்டும். முடங்கிய செல்கள் அழைத்துக்கொண்டே இருந்தால் அவை கலைவதில்லை.

4. நுண்நாளத்தைக் கட்டிப்பிடித்திருந்த செல்கள் கையை விடுகின்றன. பெரிசைட் என்ற இந்தச் செல்கள் நுண்நாளத்தைச் சுற்றி நின்று அதைத் தாங்குபவை. டி.ஜி.எஃப்.-பீட்டாவின் அழைப்பில் இவை அங்கிருந்து கழன்று, மையோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் நெய்யும் செல்லாக மாறி, குழல்களுக்கு இடையே கொலாஜனைக் கொட்டுகின்றன. ஒரே மாற்றத்தில் இரண்டு நட்டம்: இந்தப் பக்கம் தழும்பு சேர்கிறது, அந்தப் பக்கம் தாங்குவாரின்றி நுண்நாளம் சரிந்து மறைகிறது.

5. நுண்நாளம் குறைந்த இடத்தில் ஆக்ஸிஜன் இன்னும் குறையும். அதனால் பக்கத்துக் குழல் வாடும். வாடிய குழல் அதே சமிக்ஞையை அனுப்பும். முதல் அடி கொடுத்த கிருமி எப்போதோ போய்விட்டது. இனி இந்தச் சக்கரம் சொந்தமாகவே சுற்றும்.

6. குழல் அறுந்த முடிச்சு வடித்தும் பயனில்லை. மிச்ச நெஃப்ரான்கள் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்கின்றன. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் அழுத்தம் கூடுகிறது, புரதம் ஒழுகுகிறது; ஒழுகிய புரதமே குழலுக்கு எரிச்சல். வருடக்கணக்கில் அந்த முடிச்சுகளும் தழும்பேறுகின்றன.

நான்காவது படியில் ரத்தசோகைக்கும் விடை இருக்கிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோய்ட்டினைச் சுரப்பது குழல்களுக்கு இடையே உள்ள இதே வகைச் செல்கள்தான். அவை நார் நெய்யப் போய்விட்டால் அந்தச் சுரப்பு குறையும். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவருக்கு, முன்பு எப்போதாவது சிறுநீரகம் அடிபட்டதா என்று கேட்க வேண்டிய காரணம் இதுதான்.

சோலை எரிந்த சரிவில் சீகை மரம் மண்டுவதை மலைக்காரர்கள் அறிவார்கள். எதிர்மலையிலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆனால் அது சோலை செய்த வேலையைச் செய்யாது. தொடக்கத்தில் ஸ்கேனும் இப்படித்தான் ஏமாற்றும். 9 முதல் 12 செ.மீ. நீளம், வழக்கமான தோற்றம், 'நார்மல்' என்று ரிப்போர்ட். சுருங்கி வெளுத்துத் தெரியும்போது தழும்பு முற்றிவிட்டிருக்கும்.

1.1 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது

ஒரு கணக்கு. 48 வயதுப் பெண், தோட்டத் தொழிலாளி, மெலிந்த உடம்பு. காய்ச்சலுக்கு முன் கிரியாட்டினின் 0.6. இன்று வழக்கத்திலுள்ள 2021 சூத்திரப்படி வடிகட்டும் வேகம் சுமார் 110. டிஸ்சார்ஜின்போது 1.1. அதே சூத்திரத்தில் சுமார் 62. பல லேப் தாள்களில் 1.1 பெண்களுக்கான எல்லைக்குள்ளேயே இருப்பதால் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட விழாது. வேகத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போயிருக்கிறது. தாள் நார்மல் என்கிறது. 0.6-இலிருந்து 1.1 என்பது 1.8 மடங்கு. இதே ஏற்றம் ஒரு வாரத்துக்குள் நடந்திருந்தால் அதற்குப் பெயர் முதல்நிலைச் சிறுநீரகப் பாதிப்பு!

அந்த 62-கூட உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, தசை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது என்றோம். மூன்று வாரம் ஐ.சி.யூ.விலும் வார்டிலும் படுத்துக் கிடந்தவரின் தொடையும் தோளும் வற்றிப்போயிருக்கும். உற்பத்தியே குறைந்ததால் எண் இறங்கும்; சிறுநீரகம் தேறியதுபோலத் தோன்றும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உடம்பு தேறியபின் அதே சிறுநீரகத்தோடு எண் 1.3 ஆகலாம். 'வீட்டுக்கு வந்தபின் கெட்டுப்போச்சு' என்று சாப்பாட்டைப் பழிக்கிறார்கள். தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனை இந்தக் குழப்பத்தைக் குறைக்கும். பெரிய ஊர்களில் கிடைக்கும்.

இரண்டாவது, மிச்ச நெஃப்ரான்களின் கூடுதல் உழைப்பு. ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவருக்கு நெஃப்ரான் பாதியாகிறது. ஆனால் சில மாதத்தில் வேகம் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடுகிறது. தானம் கொடுத்தவர் விஷயத்தில் மிஞ்சியது நல்ல சிறுநீரகம், ஆகவே தாங்கும். இங்கே மிஞ்சியதும் அடிபட்டது.

இன்னொரு அறிகுறியை மலைக்குளிர் மறைத்துவிடுகிறது. அடிபட்ட குழல் கடைசியாகத் திரும்பப் பெறும் திறன் சிறுநீரைச் செறிவாக்குவது. அது இல்லாவிட்டால் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். சமவெளியில் இருப்பவர் இதைக் கவனிப்பார். கோத்தகிரியிலோ மன்னவனூரிலோ இருப்பவர் "குளிருக்கு அப்படித்தான்" என்று போர்வையை இழுத்துக்கொள்வார். குளிரில் சிறுநீர் கூடுவதும் உண்மைதான், அதனால் இதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் காய்ச்சலுக்கு முன் எழாதவர் இப்போது எழுகிறார் என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி.

யாருக்கு அபாயம் கூடுதல்

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, திடீர்ப் பாதிப்பு வந்தவர்களுக்கு நாள்பட்ட நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஒன்பது மடங்கு என்றது. 2019-இல் வந்த, இன்னும் பெரிய தொகுப்பில் அது மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. எந்த எண்ணைப் பிடிப்பது என்று சண்டை போட வேண்டியதில்லை. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில் வரும் வேறுபாடு அது. திசையில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தனி மனிதருக்கு அபாயத்தைக் கூட்டுபவை: மூன்றாம் நிலை அல்லது டயாலிசிஸ் தேவைப்பட்டது, பாதிப்பு ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது, இரண்டாம் முறை வந்தது, ஏற்கெனவே சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், வயது, குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்தது. கடைசியில் சொன்னதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நெஃப்ரான் முதலீடே குறைவாகப் பிறந்தவருக்கு ஒவ்வொரு இழப்பும் பெரியது.

எல்லாவற்றையும்விட நல்ல கணிப்பு டிஸ்சார்ஜுக்கு மூன்று மாதம் கழித்துச் சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பின்னாளில் யாருடைய சிறுநீரகம் கெடும் என்பதை மூன்றாம் மாத ஆல்புமின் அளவு மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நம் ஊர் டிஸ்சார்ஜ் தாள்களில் பெரும்பாலும் எழுதப்படாத சோதனையும் அதுதான்.

90 நாளில் செய்ய வேண்டியவை

முதல் பத்து நாள்: டயாலிசிஸ் நிறுத்தி வந்தவர்களில் சிலருக்குச் சிறுநீர் மூன்று, நான்கு லிட்டர் போகும். நல்ல அறிகுறிதான்; ஆனால் அந்தக் குழலுக்கு நீரை மிச்சம்பிடிக்கத் தெரியாது. 'சிறுநீரகத்துக்குத் தண்ணியைக் குறைக்கணும்' என்று பழைய அறிவுரையை இப்போதும் கடைப்பிடித்தால் உடம்பு வறண்டு இரண்டாவது அடி விழும். இளம்துளிரைப் பறிப்பது என்பது இதுதான். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் நீர் போதவில்லை. ஏறி, காலும் வீங்கினால் நீர் தேங்குகிறது. இரண்டுக்கும் மருத்துவரிடம் பேச வேண்டும்.

சோதனை அட்டவணை: டயாலிசிஸ் வரை போனவருக்கு முதல் மாதம் வாராவாரம் கிரியாட்டினினும் பொட்டாசியமும். இரண்டு, மூன்றாம் நிலை என்றால் ஒன்று இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. முதல்நிலை மட்டும் என்றாலும் 90-ஆம் நாள் சோதனை கட்டாயம்: கிரியாட்டினின், வடிகட்டும் வேகம், சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், ரத்த அழுத்தம். பந்தலூரிலிருந்து உதகைக்கு 70 கி.மீ.க்கு மேல், ஒரு நாள் கூலியும் போகும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் அதற்காக பஸ் ஏறமாட்டார் என்பது நடைமுறை. ஆகவே வாராந்திர ரத்தச் சோதனையைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ எடுத்து, தாளைப் போனில் அனுப்பிக் கேட்கும் ஏற்பாட்டை டிஸ்சார்ஜ் அன்றைக்கே பேசிக்கொள்வது உத்தமம்.

மாத்திரைகள்: காய்ச்சலின்போது நிறுத்திவைத்த எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று யாரும் எழுதித் தருவதில்லை. விளைவு, ஒருசாரார் வந்த அன்றே பழைய பெட்டியைத் திறக்கிறார்கள். இன்னொருசாரார் ஆயுளுக்கும் தொடுவதில்லை. இரண்டும் பிழை. சிறுநீரகம் நிலைத்தபின், புரதம் ஒழுகுபவருக்கு இந்த மருந்து முடிச்சுக்குள் அழுத்தத்தைக் குறைத்து உதவும். தொடங்கியபின் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம்வரை கூடினால் பொறுக்கலாம். மறுபடி வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த நாட்களில் இதையும், நீர்மாத்திரையையும், மெட்ஃபார்மினையும் நிறுத்திவைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலக்க வேண்டியவை: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், இவை கலந்த எந்த வலி மாத்திரையும் ஊசியும். மேலே தடவும் களிம்பு அவ்வளவு ஆபத்தில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் அளவோடு பாராசிட்டமால். 'கிட்னியைச் சுத்தம் செய்யும்' லேகியம், பஸ்பம் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதாத மருந்தை அடிபட்ட குழலின்மேல் சோதித்துப் பார்க்கக் கூடாது.

அழுத்தமும் உப்பும்: இலக்கு 130/80-க்குக் கீழ். சமையல் உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, குழம்பு, ஊறுகாய், கருவாடு, வர்க்கி எல்லாம் சேர்த்து.

தழும்பைக் கரைக்கும் மருந்து இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவை நாள்பட்ட நோயின் வேகத்தைக் குறைப்பது நிரூபணமானது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பயன்படுகிறது. திடீர்ப் பாதிப்புக்குப் பிறகு எப்போது தொடங்குவது என்பதை அவரவர் எண்களைப் பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாம் மாதச் சிறுநீரை எப்படிக் கொடுப்பது

இந்தச் சோதனையில் பிழை வருவது பெரும்பாலும் லேபில் அல்ல, மாதிரி எடுப்பதில். மலையில் ஒரு கூடுதல் சிக்கல்: ஏற்றம் ஏறி நடந்து வந்த உடனே எடுத்த சிறுநீரில் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களிலும் கூடும். எனவே:

1. மருத்துவமனைக்கு வந்து கொடுக்காமல், வீட்டில் படுக்கையைவிட்டு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடியுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதி.

2. லேபில் கொடுக்கும் மூடியுள்ள டப்பாவை முந்தின நாளே வாங்கி வையுங்கள். மருந்து பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம்.

3. அன்றே, நான்கைந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். வழியில் வெயில் படாமல்.

4. அதே நாளில் ரத்தமும் கொடுப்பதாக இருந்தால் முந்தின இரவு கறி வேண்டாம். வெந்த இறைச்சியிலிருந்து வரும் கிரியாட்டினின் எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டும்.

5. கேட்க வேண்டிய சோதனையின் பெயர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் கிடைக்கிறது என்றால் அதையும் செய்யலாம். அதில் 'இல்லை' என்று வந்தாலும் 30 முதல் 300 வரையிலான ஒழுக்கு அதன் கண்ணில் படாமல் போகலாம்.

6. 30-க்கு மேல் வந்தால் ஒரே சோதனையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மூன்று மாத இடைவெளிக்குள் இன்னும் இரண்டு முறை எடுத்து, மூன்றில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால் அது உண்மையான ஒழுக்கு. பழைய டிஸ்சார்ஜ் தாளையும், காய்ச்சலுக்கு முன் எப்போதாவது எடுத்த ரத்த ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் அதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பழைய 0.6 கையில் இல்லாமல் இன்றைய 1.1-ஐ எந்த மருத்துவராலும் சரியாகப் படிக்க முடியாது.